மாரியாயியின் பேச்சு

செவ்வாய்க் கிரகத்தில் காற்றுக் கதவு திறக்கும் ஓசைக்கு ஒரு உழவு இயந்திரச் சில்லின் காற்று ரியூப்பே போதும் என்று கண்டுபிடித்தவள் சாரங்கா. வால்வை விரலால் அமத்தி மெல்ல விட்டால் நீண்ட பெருமூச்சாக வரும். செம்மண்ணில் நடக்கிற சத்தத்துக்கு வெறும் உமி சரிவரவில்லை. உமியோடு கல்லுப்பைக் கலந்து தட்டில் பரப்பி, செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தார்கள். அது பொருந்தியது.

கிளிநொச்சி நகரைத் தாண்டி, சாரங்காவின் மாமாவுக்குச் சொந்தமான நெல் களஞ்சியத்தில்தான் ஒலிப்பதிவு. நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு மூட்டைகள் அடுக்கியிருந்ததால் எதிரொலி இல்லை. பக்கத்து ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவர்களுக்குத் தோது. நிரோஜாவுக்கும் ஞாயிறுதான் தோது. மற்ற ஆறு நாளும் அவள் ஆடைத் தொழிற்சாலையில் முப்பது பெண்பிள்ளைகள் தைக்கிற ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர்.

நாடகத்தின் பெயர் ‘செவ்வாய்க் குளம்’. ஒன்பது வருடங்களுக்கு முன், இருபத்திரண்டு வயதில், நிரோஜா அதைத் தொலைக்காட்சிக்காக எழுதினாள். ஒப்பந்தத்தில் செவ்வாய்க்கு ஏற்றிக்கொண்டு போகப்பட்ட கூலிச் சனங்கள் அங்கே பனியை உருக்கி ஒரு குளம் கட்டுகிறார்கள். மூன்று தலைமுறை கழிந்த பிறகு, பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை, நீங்கள் இந்தக் கிரகத்துச் சனமில்லை என்று நிருவாகத்தார் சொல்கிறார்கள். குளத்துத் தண்ணீரை விடுகிற மதகான துருசைத் திறந்து மூடுகிற மாரியாயி என்ற பெண், துருசுத் திறப்பான அந்தச் சாவியைக் கொடுக்கமாட்டேன் என்று நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆறு அங்கங்கள். அதில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் குகதாசன் எழுதினான்.

குகதாசன் வட்டக்கச்சிக்காரன். அவனுடைய பாட்டன்மார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். நிரோஜாவின் அப்பா ராசு இனக்கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். மலையாளபுரத்தில் ஓலைக் கொட்டில் போட்டு, கூலி வேலை செய்து, அங்கேயே செத்தும் போனார். ஊடகப் பயிற்சி வகுப்பொன்றில் சந்தித்த நாளிலிருந்து நிரோஜாவுக்கு அவன் ‘குகன் அண்ணா’. இப்போது நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியன். இரண்டு புத்தகங்கள் போட்டிருந்தான். மேடையில் அவன் பேச எழும்பினால் மண்டபம் அடங்கும்.

தொலைக்காட்சி நாடகம் எடுக்கப்படவில்லை. கொழும்பிலிருந்த ஒரு தனியார் தொலைக்காட்சிக்கு அனுப்பினார்கள். மலையாளபுரத்துக்குக் கடிதம் ஒழுங்காக வராது என்பதால் குகதாசனின் முகவரியைத்தான் போட்டார்கள். நாலு மாதம் கழித்து அவன் சைக்கிளில் வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னான்.

“வேண்டாம் எண்டிட்டினம், நிரோஜா. செலவு ஒரு பக்கம். மற்றது… உம்மட மாரியாயி கதைக்கிற தமிழ். தோட்டத்துத் தமிழ் விஞ்ஞானக் கதைக்குப் பொருந்தாதாம். சனம் சிரிக்குமாம்.”

கடிதம் எங்கே என்று அவள் கேட்டதற்கு, ஆத்திரத்தில் கிழித்து எறிந்துவிட்டேன் என்றான். அவளுக்காக அவன் அவ்வளவு கோபப்பட்டது அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அதன் பிறகு அவள் எழுதவில்லை. எட்டு வருடம் கழித்து சாரங்கா வந்தாள். யாழ்ப்பாணத்தில் வானொலியில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த அவள், இணைய வானொலிக்கு நாடகம் செய்யக் கதை தேடியபோது, குகதாசன் தானாகவே ‘செவ்வாய்க் குள’த்தைச் சொன்னான். தன்னிடமிருந்த பிரதியை வைத்து வசனங்களைத் திருத்தி எழுதித் தந்தவனும் அவன்தான். மாரியாயி இப்போது நல்ல தமிழ் பேசினாள். “என் பெயர் உங்கள் ஏட்டில் இல்லாவிட்டால் என்ன? இந்த நீர் என்னை அறியும்.” நிரோஜாவே மாரியாயிக்குக் குரல் கொடுத்தாள். பெயர் இல்லை என்று சொல்கிற தலைமைப் பொறியியலாளனாகக் குகதாசன் நடித்தான். அவனுடைய பகுதி முழுவதும் முதல் மூன்று ஞாயிறுகளில் முடிந்துவிட்டது. பிறகு பரீட்சைத் தாள் திருத்த யாழ்ப்பாணம் போய்விட்டான்.

நாலாவது ஞாயிறு, பதிவேட்டு இயந்திரத்தின் குரலுக்காகச் சாரங்கா ஒருவரை வவுனியாவிலிருந்து கூட்டி வந்தாள். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஜெகதீஸ்வரி. ஒரு காலத்தில் வானொலிக் கலைஞர். பிறகு அதே கொழும்புத் தொலைக்காட்சியில் நாடகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தக் கதை முன்பு அவருடைய கையில் கிடந்தது என்பது சாரங்காவுக்குத் தெரியாது. நிரோஜாவும் பெயரைக் கேட்டபிறகுதான், அன்றைக்குத் தபால் உறையில் எழுதிய அதே பெயர் என்று கண்டுகொண்டாள். என்னை வேண்டாம் என்று சொன்ன மனுசி இவதான்.

ஜெகதீஸ்வரியும் அவளை மூக்குக்கண்ணாடிக்கு மேலால்தான் பார்த்தார். “நீங்கள்தானோ நிரோஜா?” என்று கேட்டார். பதிலுக்கு நில்லாமல் தாள்களை எடுத்தார். தன் பகுதியை ஒரு பிழை இல்லாமல் வாசித்துக் கொடுத்தார்.

தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவரால் பொறுக்கமுடியவில்லை.

“ஏன் பிள்ளை, உந்த மாரியாயியை இப்பிடி மேடைப் பேச்சுப் பேச விட்டிருக்கிறியள்? முந்தி நான் வாசிக்கேக்க அவா இப்பிடிக் கதைக்கேல்லையே.”

நிரோஜா கோப்பையைக் கீழே வைத்தாள். “நீங்கள்தானே அந்தப் பேச்சுச் சரிவராது எண்டனீங்கள்.”

“ஆர்? நானோ?”

“தோட்டத்துத் தமிழ் பொருந்தாது, சனம் சிரிக்கும் எண்டு கடிதம் போட்டனீங்களாம்.”

“போட்டனீங்களாமோ? அப்ப நீங்கள் அந்தக் கடிதத்தைப் பாக்கேல்லையோ?”

“இல்லை மேடம். குகன் அண்ணா சொன்னவர்.”

ஜெகதீஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “அப்ப, நீங்கள் எனக்கு எழுதின பதில்?”

“நான் உங்களுக்குக் கடிதமே எழுதேல்லை.”

“எழுதினீங்கள் பிள்ளை. உங்கட கையெழுத்தோட வந்தது. என்ர முப்பது வருசச் சேவையில அப்பிடியொரு திமிர்க் கடிதம் எனக்கு ஆரும் எழுதினதில்லை. அதாலதான் இண்டைக்கும் வீட்டில வச்சிருக்கிறன். உங்களைக் கண்டா நாலு கேள்வி கேக்கோணும் எண்டுதான் வவுனியாவில இருந்து வந்தனான்.”

சாரங்கா கையில் ரியூப்போடு வாசலில் நின்றாள். அதிலிருந்து காற்றுப் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் நிரோஜா தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு வவுனியா பஸ் ஏறினாள். ஒருவேளை அந்த அம்மாவுக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். வேறு யாரோ ஒரு நிரோஜாவாக இருக்கலாம். பாதி வழியிலிருக்கிற மாங்குளம் வரைக்கும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். குகன் அண்ணாவின் பெயர் வருகிற இடத்துக்கு நினைப்பு போகவே மறுத்தது.

ஜெகதீஸ்வரி அலுமாரியிலிருந்து கடிதக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலில் இருந்தது அவர் அனுப்பிய கடிதத்தின் பிரதி. நிரோஜா அதை மூன்று தரம் வாசித்தாள். ‘மாரியாயியின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். இந்தப் பிரதியின் உயிர் அதுதான்’ என்று எழுதியிருந்தது. நாடகத்தை எடுக்க விரும்புகிறோம், எங்கள் இயக்குநர் ஒருவர் இயக்குவார், நீங்கள் கொழும்புக்கு வந்து இரண்டு வருடம் எங்கள் எழுத்துப் பிரிவில் வேலை செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தது. கடைசி வரியில், குகதாசனின் பெயரை ‘எழுத்து உதவி’ என்று போடலாம் என்றிருந்தது.

இரண்டாவது, பதில். ‘என் நண்பரைத் தவிர வேறொருவர் என் கதையைத் தொடுவதை நான் அனுமதிக்க மாட்டேன். உங்களுக்குக் கீழ் இருந்து எழுதிப் பழக வேண்டிய நிலையில் நான் இல்லை.’ கீழே ‘ரா. நிரோஜா’ என்று ஒப்பம்.

அது அவளுடைய ஒப்பம் இல்லை. ஆனால் எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. ‘ழ’வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுகிற கை. இரண்டு அங்கங்களை அந்தக் கையெழுத்தில் வாசித்து, வடிவாக எழுதுகிறீர்கள் அண்ணா என்று சொன்னவள் அவள்.

அவள் தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள். ஜெகதீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“நானும் ஒருக்கா நேர விசாரிச்சிருக்கலாம்,” என்றார். “கோபத்தில விட்டிட்டன். அந்த வருசக் கடைசியில எங்கட பகுதியையே மூடிப்போட்டாங்கள்.”

கோப்பின் அடியில் பழைய எழுத்துப் பிரதியும் இருந்தது. நிரோஜாவின் சொந்தக் கையெழுத்தில் நாலு அங்கங்கள். தன்னிடம் இருந்த பிரதியை அவள் அந்த வருடமே அடுப்பில் போட்டிருந்தாள். ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அது அவளை அறுக்கத் தொடங்கியது. கொழும்பு போனது போகட்டும். நாடகம் போனது போகட்டும். அந்த ஒரு பொய்யை நம்பி அவள் என்னென்ன செய்திருக்கிறாள்! மாரியாயி அவளுடைய அம்மா வடிவம்மாவின் வாயால்தான் பேசினாள். அந்தப் பேச்சுக்குச் சனம் சிரிக்கும் என்றால் அம்மாவைப் பார்த்தும் சிரிக்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மாவைக் குசினி அடுப்படியில் நிற்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில், “ஆமாங்க டொக்டர்” என்று அம்மா வாய் திறந்தால், முழங்கையால் இடித்து, தானே முந்திக்கொண்டு, வன்னிச் சனம் சொல்வது போல “ஓம் டொக்டர்” என்று சொன்னாள். போன வருடம் தங்கச்சி நிசாந்தினியின் கலியாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரோடு அதிகம் கதைக்காதீங்க என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வடிவம்மா அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கலியாண வீட்டுக் கதையையும் சொன்னாள். வடிவம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“எந்தத் தம்பி? சைக்கிள்ல வருமே, அதுவா?” என்றார். “அந்தத் தம்பி எங்கையால எத்தன நாளு சோறு தின்னுருக்கு! ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கித் தின்னுமே.”

“ஆமாம்மா.”

“நீ என்னைய பேசாதன்னு சொன்னது எனக்கு வருத்தந்தான் புள்ள. ஆனா எம்புள்ள படிச்சது, அதுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.” மிளகாயைப் பரப்பிய கை நின்றது. “அவனுக்கு நாம என்னா பண்ணுனோம்?”

அதைக் கேட்கத்தான் அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் நிரோஜா வட்டக்கச்சிக்குப் போனாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பியிருந்த குகதாசன் முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்து பாடசாலைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பி, “வாரும், வாரும். சிவரூபி, நிரோஜா வந்திருக்கிறா!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் மனைவி சிவரூபி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

நிரோஜா இரண்டு கடிதங்களின் பிரதியையும் தாள்களுக்கு மேல் வைத்தாள். அவன் முழுவதையும் வாசிக்கவில்லை. முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. சிவப்புப் பேனையை மூடினான். பிறகு திறந்தான்.

“ஆர் தந்தது?”

“அதையோ முதல் கேக்கிறீங்கள்?”

அவன் வாசல் பக்கம் பார்த்தான். “மெல்லக் கதையும்.”

“ஏன் செய்தீங்கள்?”

“நிரோஜா, நான் அப்ப இருபத்தாறு வயசுப் பெடியன். அந்தக் கதையை ரெண்டு பேருமாத்தான் எழுதினது. அவை என்னை ‘உதவி’ எண்டு போட்டினம். நீர் இயக்கிறீரோ எண்டு கூட என்னைக் கேக்கேல்லை. நீர் கொழும்புக்குப் போயிடுவீர். நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?”

“அதைச் சொல்லியிருக்கலாமே. உங்களை விட்டுட்டுப் போகமாட்டன் எண்டு அண்டைக்கு நானே எழுதிக் குடுத்திருப்பன்.”

அது உண்மை என்பது அவனுக்கும் தெரியும். அவன் முகம் அப்போதுதான் மாறியது.

“அதுக்குத்தான் இப்ப இந்த ஒலி நாடகத்தைச் சாரங்காவிட்டச் சொன்னனான். எப்பிடியும் அது வெளிய வரோணும் எண்டு எனக்கு மனசு அரிச்சுக்கொண்டே இருந்தது.”

“வேண்டாம் எண்டிட்டினம் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம். செலவு எண்டதோட நிப்பாட்டியிருக்கலாம். ஏன் என்ர அம்மாவின்ர பேச்சைச் சொன்னீங்கள்?”

குகதாசன் சிவப்புப் பேனையைத் தாள்களுக்கு மேல் வைத்தான். பேசியபோது குரல் அவனுடைய மேடைக் குரலாக இல்லை.

“ஒரு காரணம் சொல்லோணுமே. பள்ளிக்கூடத்தில ‘ஆமா’ எண்டு சொன்னதுக்கு உம்மைப் பகிடி பண்ணின கதையை ஒருக்கா எனக்குச் சொன்னீர். அதைச் சொன்னா நீர் திருப்பிக் கேக்காம நம்புவீர் எண்டு தெரியும்.”

சிவரூபி தட்டோடு வந்து, இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நிரோஜா எழும்பினாள்.

“இருங்கோ, தேத்தண்ணி…” என்றாள் சிவரூபி.

“வேண்டாம் அக்கா. இந்த வீட்டில இனி எனக்கு வேண்டாம்.”

வேலிப் படலை வரைக்கும் குகதாசன் பின்னால் வந்தான். “நிரோஜா, என்ர பெயரை எடுக்கப் போறீரோ?” என்று கேட்டான். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று அந்த நிமிடம் வரைக்கும் அவளுக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது. அது அந்தப் படலையடியில் விழுந்துபோனது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாரங்காவிடம் நடந்ததைச் சொல்லி, பழைய பிரதியைக் கொடுத்து, மாரியாயியை முதலிலிருந்து திரும்பப் பதிய வேண்டும் என்றாள்.

“செய்வம் அக்கா. அந்தாளின்ர குரலை என்ன செய்யிறது? வேற ஆளைப் பிடிக்கட்டோ? எனக்கெண்டா கேக்கவே விருப்பமில்லை.”

நிரோஜா யோசித்தாள். வேறு ஆளைப் பிடிக்கலாம். ஆனால் பொறியியலாளன் நல்ல மனிதன் மாதிரிப் பேசிக்கொண்டே ஒரு சனத்தை இல்லாமல் ஆக்குகிறவன். அந்தக் குரலில் அவ்வளவு கனிவு வேறு யாருக்கு வரும்?

“இருக்கட்டும்,” என்றாள்.

ஹெட்போனைக் காதில் மாட்டி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். குகதாசனின் குரல் காதுக்குள் வந்தது, பக்கத்தில் நின்று சொல்வது போல: “மாரியாயி, கோபப்படாதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். பதிவேட்டில் உன் பெயர் இல்லை.” முதல் தடவை அவள் வரியைப் பாதியில் விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை கோபத்தில் கத்திவிட்டாள். சாரங்கா கையைக் காட்டி நிறுத்தினாள். மூன்றாவது தடவை, அம்மா அந்த இடத்தில் நின்றால் எப்படிப் பேசுவார் என்று நினைத்தாள். அம்மா கத்தமாட்டார்.

“எம்பேரு ஒங்க பொஸ்தகத்துல இல்லாட்டிப் போகட்டும் தொரே. இந்தத் தண்ணிக்கு என்னையத் தெரியும். தெறப்பக் குடுக்க மாட்டேன். நீங்க போங்க.”

சாரங்கா அந்த வரியைத் திரும்பவும் ஓட விட்டுக் கேட்டாள். பிறகு, “இதுதான் அக்கா,” என்றாள்.

குகதாசன் எழுதிய இரண்டு அங்கங்களையும் நிரோஜா தொடவில்லை, அவற்றில் வருகிற மாரியாயியின் வசனங்களைத் தவிர. அவற்றை அவளும் வடிவம்மாவும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து திரும்ப எழுதினார்கள். “இப்பிடி யாரு பேசுவா?” என்று வடிவம்மா பாதி வரிகளைத் தள்ளிவிட்டார். நாடகத்தின் முடிவில் பெயர்கள் வாசிக்கிற இடத்தில், மூன்றாம் ஐந்தாம் அங்கங்கள் குகதாசன் என்று சொல்லச் சொன்னாள் நிரோஜா. ஏன் அக்கா, என்று சாரங்கா சண்டை பிடித்தாள்.

“அவர் எழுதினதை எழுதேல்லை எண்டு நான் சொன்னா, பிறகு எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?”

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை நாடகம் இணைய வானொலியில் வெளியானது. உலகம் ஒன்றும் தலைகீழாகவில்லை. சில நூறு பேர் கேட்டார்கள். பிறகு அந்தத் தொகை மெல்லமெல்ல ஏறியது. மலைநாட்டு ஹற்றன் பக்கமிருந்து ஒரு பெண், எங்கள் வீட்டுப் பேச்சை ரொக்கெட்டுக்குள் கேட்டேன் என்று எழுதியிருந்தாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் நிரோஜாவின் வரிசைப் பிள்ளைகள் தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்டார்கள். ஒருத்தி சிரித்தாள், பக்கத்திலிருந்தவள் அவளை அதட்டினாள். நிரோஜாவுக்குச் சிரிப்புச் சத்தம் இன்னும் வலிக்கத்தான் செய்தது. ஜெகதீஸ்வரி தொலைபேசியில், அடுத்தது எழுதுங்கோ என்றார். எழுதுகிறேன் என்றாள். உட்கார்ந்தால் ஒரு பக்கம் வருகிறது. எட்டு வருடம் கை எழுதாமல் கிடந்திருக்கிறது.

குகதாசனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘கேட்டேன். மாரியாயியின் பேச்சுத்தான் சரி. மன்னிக்கவும்.’ பிந்தி வந்த அந்த ஒரு சொல்லோடு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அழிக்கவுமில்லை, பதில் போடவுமில்லை.

மாசி மாதம் ஒரு பின்னேரம் அவளும் வடிவம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்றார்கள். பையும் கையுமாகக் குகதாசன் வந்தான். ஒதுங்க இடமில்லை. வடிவம்மாவைக் கண்டு, “அம்மா, சுகமோ?” என்று கேட்டான். நிரோஜா இந்தத் தடவை அம்மாவை முழங்கையால் இடிக்கவில்லை.

வடிவம்மா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பஸ் நிலையத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நல்லாருக்கேன் தம்பி. எங்கூட்டுச் சோத்தத் தின்னுப்புட்டு, எம்பேச்சு நாத்தம்னு எம்மககிட்டச் சொல்லிருக்கியே, ஒனக்கு மனசு எப்பிடி வந்துச்சு?”

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்நேரம் வந்த பஸ்ஸில், அது தன் வழிப் பஸ்ஸா என்றுகூடப் பாராமல் குகதாசன் ஏறிக்கொண்டான்.

“அது வட்டக்கச்சி பஸ் இல்லியே, பரந்தன் போறதுல்ல?” என்றார் வடிவம்மா.

“ஆமாம்மா,” என்றாள் நிரோஜா, அத்தனை பேருக்கும் கேட்க.